மூன்று நிமிடச் சாட்சி: எழுதுவதிலிருந்து சொல்லி முடிப்பது வரை

வாலிபர் கூட்டங்களிலும் வீட்டு ஜெபக்கூட்டங்களிலும் முதன்முறையாகச் சாட்சி சொல்ல, அதாவது தாங்கள் இயேசுவை நம்பியது எப்படி என்று சொல்ல எழுகிறவர்களுக்குச் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். தடுமாறியவர்களில் பெரும்பாலோருக்குப் பேச்சு வராமல் இல்லை. செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்ததுதான் அவர்களுடைய சிக்கல். யாருக்குச் சொல்கிறோம் என்று யோசிக்காமலே எழுதி முடித்தார்கள். அல்லது எதைச் சொல்வது என்று முடிவு செய்யாமலே குரலையும் கையசைவையும் பழகினார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு விளக்கத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீதிமன்றத்தில் கூண்டில் ஏறுகிற சாட்சி, தாம் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே சொல்கிறார். வாதாடுவது வக்கீலின் வேலை, தீர்ப்புச் சொல்வது நீதிபதியின் வேலை. சாட்சி சொல்ல எழுந்து பிரசங்கம் செய்துவிட்டு அமர்கிறவர் கூண்டில் நின்றுகொண்டு வக்கீலின் அங்கியை மாட்டிக்கொள்கிறார். பின்வரும் படிகளில் பல இந்த வேறுபாட்டைக் காப்பதற்காகவே இருக்கின்றன.

1. தொடங்குமுன் தேவையானவை

ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா, ஒரு கடிகாரம், ஏறக்குறைய இரண்டு வார மாலை நேரம். கைப்பேசியில் எழுதுவதை நான் ஊக்குவிப்பதில்லை. அதில் அழித்தது அழிந்தே போகிறது. நோட்டிலோ அடித்த வரி கண்ணுக்குத் தெரிவதால், எதை ஏன் விட்டோம் என்பதை மறுநாள் திரும்பிப் பார்த்து எடைபோட முடிகிறது.

சொல்லிக் காட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சபையைச் சேர்ந்தவராக இருக்கலாம். மற்றவர் தேவாலயத்துக்குள் காலடி வைத்திராத, உங்களிடம் வெளிப்படையாகப் பேசக்கூடிய நண்பராக இருப்பது அவசியம். இந்த இரண்டாமவரைக் கடைசி நேரத்தில் தேடினால் கிடைக்கமாட்டார். எழுதத் தொடங்கும் நாளிலேயே கேட்டு வைத்துவிடுங்கள்.

2. கேட்கப்போகிறவர் யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தி வந்த பவுல் தமஸ்குவுக்குப் போகும் வழியில் இயேசுவைச் சந்தித்து, பார்வையிழந்து, மனம் மாறியது புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகளில் மூன்று முறை வருகிறது. 9ஆம் அதிகாரத்தில் நூலாசிரியர் லூக்கா அதை விவரிக்கிறார்; 22ஆம் அதிகாரத்தில் எருசலேமின் யூத மக்கள்கூட்டத்தின் முன்பும், 26ஆம் அதிகாரத்தில் செசரியாவில் அகிரிப்பா ராஜாவின் முன்பும் பவுல் தாமே சொல்கிறார். எழுத உட்காருமுன் பின்னவை இரண்டையும் அடுத்தடுத்து வாசித்து, எவை மாறியிருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எருசலேமில் அவர் எபிரெயு பாஷையில் பேசுகிறார். யூத வேத ஆசிரியர் கமாலியேலின் பாதத்தருகே வளர்ந்ததைச் சொல்கிறார். தமஸ்குவில் தம்மிடம் வந்து பார்வை பெறச் செய்த அனனியாவை வேதப்பிரமாணத்தின்படி பக்தியுள்ளவர், அங்குள்ள யூதரிடம் நற்பெயர் பெற்றவர் என்று அறிமுகப்படுத்துகிறார். அகிரிப்பாவின் முன்போ அனனியாவின் பெயரே வருவதில்லை. நிகழ்ச்சி ஒன்றுதான், கேட்கிறவருக்கு எது பயன்படுமோ அது நிற்கிறது, மற்றது உதிர்ந்துவிடுகிறது. ஒன்றைச் சொல்லாமல் விடுவது பொய்யாகிவிடுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு இந்த இரண்டு அதிகாரங்களையே காட்டுகிறேன்.

22ஆம் அதிகாரத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. புறஜாதிகளிடம், அதாவது யூதரல்லாதவரிடம், அனுப்பப்பட்டேன் என்ற சொல்வரைக்கும் கூட்டம் பொறுமையாகக் கேட்டது. அந்தச் சொல் விழுந்ததும் கூச்சல் எழுந்தது. பவுலால் அதைத் தவிர்த்திருக்க முடியாது, ஏனெனில் அவருக்குக் கிடைத்த அழைப்பே அதுதான். ஆனால் நம் சாட்சியில் கேட்கிறவரின் காதை மூடிவிடும் சொல் எது, அது அங்கே இருந்தே தீர வேண்டுமா என்று யோசிப்பது நம்மால் முடியும். நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒருவரின் பெயரை எழுதுங்கள். ‘எல்லாருக்கும்’ என்று எழுதியவர்களின் சாட்சி ஒருவரிடமும் போய்ச் சேர்ந்ததை நான் பார்த்ததில்லை.

3. நடுப்பகுதியை முதலில் எழுதுங்கள்

முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன் என்ற மூன்று பகுதிகள் பலருக்கும் தெரிந்தவையே. எல்லாரும் முதல் பகுதியிலிருந்து எழுதத் தொடங்கி, பிள்ளைப் பருவத்திலேயே இரண்டு பக்கத்தை நிரப்பிவிட்டு, நடுப்பகுதிக்கு வரும்போது களைத்துப் போகிறார்கள். அங்கே ‘அப்பொழுது ஆண்டவர் என்னைத் தொட்டார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கேட்கிறவர் தெரிந்துகொள்ள விரும்பியதோ அந்த ஒரு வரிக்குள் என்ன இருந்தது என்பதைத்தான்.

ஆகவே நடுப்பகுதியை முதலில் எழுதி, இந்தக் கேள்விகளுக்கு அதில் விடை இருக்கிறதா என்று பாருங்கள். அது எந்த ஆண்டு, எந்த இடம்? உடன் யார் இருந்தார்? எதை வாசித்தேன் அல்லது யார் சொன்னதைக் கேட்டேன்? இயேசுவைப் பற்றி அதுவரை தெரியாதிருந்த எது அப்போது புரிந்தது? அதற்கு நான் என்ன பதில் சொன்னேன்? மறுநாள் காலையில் எது வேறாக இருந்தது?

எழுதியபின் ஒரு சோதனை உண்டு. அந்தப் பக்கத்தில் இயேசு என்று வரும் இடங்களில் எல்லாம் ‘மனவுறுதி’ என்றோ ‘நல்ல நண்பர்’ என்றோ மாற்றிப் படித்துப் பாருங்கள். கதை அப்படியும் நன்றாகவே ஓடுகிறது என்றால், நீங்கள் எழுதியிருப்பது ஒருவர் முயன்று முன்னேறிய கதை. அதில் தவறில்லை, ஆனால் கிறிஸ்துவின் மரணமும் உயிர்த்தெழுதலும் உங்களுக்கு என்ன ஆனது என்பது இன்னும் எழுதப்படவில்லை.

தேதி நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுதுங்கள். மழைக்காலம், பிளஸ் டூ தேர்வுக்கு முந்தைய மாதங்கள், தாத்தா இறந்த ஆண்டு என்பவை போதுமானவை. இல்லாத துல்லியத்தைக் கூட்டிச் சேர்த்தால், அடுத்த முறை சொல்லும்போது அது மாறிப்போகும். இரண்டு முறையும் கேட்ட ஒருவர் நிச்சயம் கூட்டத்தில் இருப்பார்.

4. பாரம்பரியக் கிறிஸ்தவர்கள் செய்யும் தவறு

திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி கேட்பது, ‘எனக்குச் சாட்சியே இல்லை, அண்ணன்’ என்பதுதான். நான்காவது தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். ஓய்வுநாள் பாடசாலை, திடப்படுத்தல் (சபையின் முழு உறுப்பினராக்கும் சடங்கு), பாடகர் குழு என்று எல்லாம் வரிசையாக நடந்திருக்கும். குடியும் இல்லை, கொலையும் இல்லை. கன்வென்ஷன் எனும் பெரிய நற்செய்திக் கூட்ட மேடைகளில் பெரிய வீழ்ச்சியும் பெரிய மீட்புமாகக் கேட்டுப் பழகியதால், தங்கள் வாழ்க்கை சப்பென்று இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இதிலிருந்து இரண்டு தவறுகள் பிறக்கின்றன: ஒன்று வாயே திறக்காமல் இருப்பது, மற்றொன்று பள்ளி நாட்களில் திருட்டுத்தனமாகப் பார்த்த ஒரு சினிமாவைப் பாதாளம் அளவுக்கு ஊதிப் பெருக்குவது. இரண்டாவது, முதலாவதைவிட மோசமானது.

தம் இளம் உடனூழியரான தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளுக்குள்ளும் தாய் ஐனிக்கேயாளுக்குள்ளும் இருந்ததென்று பவுல் எழுதுகிறார். அதை ஒரு குறையாக அவர் சொல்லவில்லை. உங்கள் கேள்வி இதுதான்: வீட்டில் எல்லாரும் நம்பியது எப்போது, எதனால் நான் நம்புவதாயிற்று? ஒரு பெண் தன் விடுதியின் முதல் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதினாள். ஆலயத்துக்குப் போ என்று சொல்ல ஆளில்லை. போகாவிட்டால் யாருக்கும் தெரியாது. அறையில் உட்கார்ந்து, எனக்கே இது வேண்டுமா என்று முதன்முறையாகத் தன்னைக் கேட்டுக்கொண்டாள். நாடகம் ஏதும் இல்லாத அந்தச் சாட்சியைக் கேட்டபின் கூட்டத்தில் இருந்த மாணவர்கள் நெடுநேரம் அவளிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

5. முன்பகுதியைக் குறுக்குங்கள், பின்பகுதியை உண்மையாக்குங்கள்

முன்பகுதிக்கு நான்கைந்து வாக்கியங்கள் போதும். அதன் வேலை, நடுப்பகுதியில் நடந்தது ஏன் தேவைப்பட்டது என்பதைக் காட்டுவது மட்டுமே. பழைய நாட்களின் குடியையும் அடிதடியையும் ஒருவர் விரித்துச் சொல்லச் சொல்ல, குரலில் ஒரு சுவை ஏறிவிடுவதைக் கவனித்திருக்கிறேன். கேட்டவர்கள் வீட்டுக்குப் போகும்போது அந்தச் சண்டைக் காட்சியைத்தான் எடுத்துப் போவார்கள்.

வேறு சமயக் குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு இங்கே கூடுதல் கவனம் வேண்டும். அம்மா இன்றும் விளக்கேற்றிக் கும்பிடும் தெய்வத்தைக் கேலி செய்து ஒரு வரி சொன்னால், சபைக்குள் சிரிப்பு எழலாம்; அந்தப் பதிவு கைப்பேசியில் அம்மாவுக்கும் போய்ச் சேரும். சாட்சி தாம் கண்டதைச் சொல்கிறவர். பிறரின் வழிபாட்டுக்குத் தீர்ப்பு எழுதுவது அவருடைய வேலையில் சேராது. நான் எதைத் தேடினேன், எது எனக்குக் கிடைக்காமல் இருந்தது என்று தன்னிலையில் சொன்னால் போதும்.

பின்பகுதியில் எல்லாம் சரியாகிவிட்டதாக முடிக்கும் பழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. கடன் தீர்ந்தது, வேலை கிடைத்தது, கோபம் போயிற்று. உண்மையில் கோபம் போகவில்லை என்பது வீட்டாருக்குத் தெரியும். ‘இன்றும் கோபப்படுகிறேன், ஆனால் இப்போது போய் மன்னிப்புக் கேட்கிறேன், முன்பு கேட்டதில்லை’ என்று எழுதிய ஒருவரின் மனைவி கூட்டத்திலேயே தலையசைத்ததைப் பார்த்தேன். யோவான் 9ஆம் அதிகாரத்தில் பார்வை பெற்றவன், இயேசு ஒரு பாவி என்று யூத மதத் தலைவர்களான பரிசேயர் கிடுக்கிப்பிடி போட்டபோது, தெரியாததைத் தெரியாது என்கிறான். குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மறுக்கிறான். பின்பகுதி எழுத அதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை.

6. சபைச் சொற்களைச் சலித்தெடுங்கள்

சபைக்கு வெளியே சொல்லும் சாட்சி பெரும்பாலும் இந்தப் படியில்தான் விழுகிறது. நமக்குப் பழகிய சொற்கள் வெளியே இருப்பவர்களுக்குப் புரியாமல் போனால்கூடப் பாதகமில்லை, கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அவை வேறொரு பொருளில் தெளிவாகப் புரிந்துவிடுவதுதான் சிக்கல்.

‘மறுபடியும் பிறந்தேன்’ என்பது பலர் காதில் மறுபிறவி என்று விழுகிறது. ‘அபிஷேகம்’ என்றதும் பாலும் சந்தனமும் கண்முன் வருகின்றன. ‘விசுவாசம்’ என்பது பேச்சு வழக்கில் முதலாளியிடமோ கட்சித் தலைமையிடமோ காட்டும் பற்று. நாய்க்கும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறோம். ‘ஊழியம் செய்கிறேன்’ என்ற நண்பரிடம், எந்தத் துறையில் அரசு ஊழியர் என்று ஒருவர் உண்மையாகவே கேட்டதுண்டு. ‘ஜெபம்’ என்பது மணி உருட்டி நாமத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஜபமாகக் கேட்கிறது.

எல்லாவற்றிலும் கடினமானது ‘பாவம்’. புண்ணியத்துக்கு எதிர்க்கணக்காக அதைக் கேட்கிறவர், நல்லது செய்து ஈடுகட்டிவிடலாமே என்று நினைக்கிறார்; ‘நான் ஒரு பாவி’ என்பதைக் கேட்டவர், ஐயோ பாவம் என்று இரக்கப்படவும் கூடும். இந்தச் சொல்லைக் கைவிடச் சொல்லவில்லை, அது இல்லாமல் நற்செய்தியைச் சொல்ல முடியாது. ஆனால் சொல்லைச் சொல்வதற்குமுன் செயலைச் சொல்லுங்கள். ‘அப்பாவின் கையெழுத்தைப் போட்டுப் பணம் எடுத்தேன், அவர் என்னை நம்பிய முகத்தைப் பார்க்க முடியவில்லை’ என்றபின் பாவம் என்று சொன்னால், கணக்கைத் தாண்டி முறிந்துபோன உறவும் அதில் கேட்கும்.

செய்ய வேண்டியது எளிது. எழுதியதில் சபைச் சொற்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றையும் தேநீர்க்கடையில் பக்கத்தில் நிற்பவரிடம் எப்படிச் சொல்வோமோ அப்படி மாற்றி எழுதுங்கள். இரட்சிக்கப்பட்டேன் என்பதற்குப் பதிலாக ‘என் தப்புக்கான தண்டனையை இயேசு ஏற்றுக்கொண்டார் என்று நம்பி, என்னை மன்னிக்கும்படி கேட்டேன்’ என்பது நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் மறைவாக ஒன்றும் இல்லை. பிறகு, முதல் படியில் சொன்ன சபைக்கு வெளியேயுள்ள நண்பரிடம் வாசித்துக் காட்டி, அவர் புரிந்துகொண்டதை அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வதை இடைமறித்துத் திருத்தாதீர்கள். எந்த இடத்தில் பிசகுகிறதோ அந்த வரியைத்தான் திருத்த வேண்டும்.

7. பிறருக்கு உரியதைக் கேட்டுப் பெறுங்கள்

உங்கள் சாட்சியில் கணவரின் குடியோ, மகளின் தேர்வுத் தோல்வியோ, அண்ணனின் கடனோ வருமானால், அது அவர்களுடைய வாழ்க்கையும்கூட. முன்கூட்டியே அவர்களிடம் அந்தப் பகுதியை வாசித்துக் காட்டி அனுமதி கேளுங்கள். அனுமதி இல்லையென்றால், கதை எத்தனை சுவையாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். மேடையில் தன் கதையைக் கேட்ட பதினாறு வயதுப் பிள்ளை ஒருவன் அதன்பின் பல மாதங்கள் ஆலயத்துப் பக்கமே வரவில்லை.

நோய் குணமான சாட்சிகளுக்கு இன்னும் கண்டிப்பு வேண்டும். மருத்துவர் ‘கஷ்டம்’ என்று சொன்னதை ‘கைவிட்டார்கள்’ என்று மாற்றக்கூடாது. அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால் நடந்தது என்று சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தினேன் என்ற வரியைக் கேட்டு, வீட்டில் சர்க்கரை நோயோடு இருக்கும் ஒருவர் தன் மாத்திரையை நிறுத்தினால் அதன் விளைவு உங்களையும் சாரும். மாற்கு 1ஆம் அதிகாரத்தில் குஷ்டரோகியைச் சுகமாக்கிய இயேசுவே, ஆசாரியனிடம் போய் உன்னைக் காண்பி என்று அவனை அனுப்புகிறார். அன்றைய முறைப்படி சோதித்துச் சொல்ல வேண்டியவர் ஆசாரியனே. சோதனை அறிக்கையைக் கண்டு சாட்சி அஞ்சத் தேவையில்லை.

8. கடிகாரம் வைத்துச் சொல்லிப் பாருங்கள்

மூன்று நிமிடம் என்பது வேதத்தில் உள்ள அளவு அல்ல. வீட்டுக் கூட்டத்தில் ஐந்து பேர் சொல்வதற்கும், ஒரு நண்பர் தேநீர் குடித்து முடிப்பதற்குமான அளவு. கையெழுத்தில் ஏறக்குறைய ஒன்றரைப் பக்கம் வரும். பார்த்து வாசிக்காமல், மனப்பாடமும் செய்யாமல், முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் உறுதியாக வைத்துக்கொண்டு மூன்று முறை சொல்லிப் பாருங்கள். முழுவதையும் மனப்பாடம் செய்தவர் இடையில் ஒரு சொல் தவறினால் நின்றே போகிறார். கடைசி வாக்கியத்தை முடிவு செய்யாதவரோ முடிக்கத் தெரியாமல் நான்கு முறை முடிக்கிறார்.

‘ஸ்தோத்திரம்’, ‘அல்லேலூயா’ ஆகியவை மூச்சு வாங்கும் இடங்களை நிரப்புவதற்காக வந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். நன்றியாக வருவதும் இடைவெளியை அடைப்பதற்காக வருவதும் கேட்கிறவருக்குத் தனித்தனியாகவே தெரியும்.

9. ஒருவரிடம் நேரில் சொல்லும்போது

முதலில் அவருடைய கதையைக் கேளுங்கள். 1 பேதுரு 3:15 பேசுவது, நம் நம்பிக்கையைப் பற்றி விசாரித்துக் கேட்கிறவருக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் சொல்லும் பதிலைப் பற்றி. கேள்வியே எழாத இடத்தில் பதிலைத் திணிப்பதைப் பற்றியல்ல. கேள்வி எழும்படி வாழ்வதற்கும் பழகுவதற்கும் மாதக்கணக்கில் ஆகலாம். பிறகு, ‘எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லட்டுமா?’ என்று அனுமதி கேட்டுச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் பேச்சை மாற்றுங்கள், நட்பை மாற்றாதீர்கள்.

அலுவலகத்தில் உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவரிடமும், உங்களிடம் கடன் வாங்கியவரிடமும், பெற்றோருக்குத் தெரியாமல் சிறுவரிடமும் சொல்வதைத் தவிர்த்துவிடுங்கள். மறுக்க முடியாத நிலையில் இருப்பவர் தலையசைப்பதற்கு ஒரு பொருளும் இல்லை.

சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. ஒடிசாவில் 1967 முதலும், மத்தியப் பிரதேசத்தில் 1968 முதலும், உத்தரப் பிரதேசத்தில் அண்மை ஆண்டுகளிலும் மதமாற்றம் குறித்த தனிச் சட்டங்கள் வந்துள்ளன. வேலை நிமித்தமாக வடக்கே இருப்பவர்கள் அந்தந்த மாநிலச் சட்டத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும். எங்கிருந்தாலும், பள்ளிக் கட்டணம், வேலை, குணமாகும் உறுதி ஆகிய எதையும் சாட்சியோடு சேர்த்துப் பேசாதீர்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, அப்படிப் பேசினால் சாட்சி பேரமாகிவிடுகிறது.

கேள்வி வரும்போது தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததற்கு, ‘எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்லி, உண்மையாகவே கேட்டுச் சொல்லுங்கள்.

10. சொல்லி முடித்தபின்

உடனே முடிவு கேட்காதீர்கள். யோவான் 4ஆம் அதிகாரத்தில், கிணற்றருகே இயேசுவோடு பேசிய சமாரியப் பெண் ஊராரிடம் போய்த் தனக்கு நேர்ந்ததைச் சொன்னாள், வந்து பாருங்கள் என்று அழைத்தாள், அவர் கிறிஸ்துதானோ என்று ஒரு கேள்வியை விட்டுவைத்தாள். பிறகு ஊரார் தாங்களே போய்க் கேட்டு, இனி உன் சொல்லினால் அல்ல, நாங்களே கேட்டு அறிந்தோம் என்கிறார்கள். அவள் செய்ததைப் போலவே, நண்பர் விரும்பினால் மாற்கு சுவிசேஷத்தைக் கொடுத்து, அவரே வாசிக்க விடுங்கள். பதினாறு அதிகாரங்கள்தான், இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம்.

அன்றிரவே நோட்டை எடுத்து, அவர் எந்த இடத்தில் முகம் சுளித்தார், எதைத் திரும்பக் கேட்டார், நீங்கள் எங்கே கூட்டிச் சொன்னீர்கள் என்று எழுதிவையுங்கள். கூட்டிச் சொன்னது தெரிந்தால், அடுத்த முறை அவரைச் சந்திக்கும்போது, ‘அன்றைக்கு அதைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டேன்’ என்று சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, பழைய பக்கத்தைப் பார்க்காமல் புதிதாக ஒன்றரைப் பக்கம் எழுதி, பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நடுப்பகுதி பெரும்பாலும் அப்படியே இருக்கும். பின்பகுதியில் ஒரு வரிகூட மாறவில்லை என்றால், அந்த நோட்டோடு போய் உங்கள் ஆயரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.